செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே

காலை பத்து ஐம்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. மாடியில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், கீழே கார் ஹாரன் கேட்டதும் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன். அதனால்தான் அந்த நேரம் மனதில் அப்படியே நிற்கிறது. சரக்கு வாங்கப் பதினொன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்த வடநாட்டுப் பார்ட்டிகள் முன்னாடியே வந்துவிட்டார்கள். கீழே முதலாளி "சீக்கிரம், சீக்கிரம்" என்று யாரையோ விரட்டும் சத்தம். நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி பில்லைப் பார்த்தேன். என் மகள் அப்போது எனக்கு நேர் கீழே, மாடிப்படிக்கு அடியில், இரண்டு ரேக்குகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்து அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை நசுங்கியது அவளுடைய கவனக்குறைவால்தான் என்று மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. எலும்பு சேரும் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சு சேர்ந்து ஆறாது. இருபத்திரண்டு வயதுப் பெண், தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்ற பெயரோடு இன்னொரு கம்பெனிப் படி ஏற வேண்டுமா? அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

அந்த அறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி சூலூரைத் தாண்டி இருக்கிறது. பம்புசெட்டுக்கு வேண்டிய உதிரிபாகங்கள் செய்கிறோம். கட்டடம் ஒரு காலத்தில் தறிக்குடோன். அதற்கு ஒரு சுவர், ஒரு தகரக்கூரை, ஒரு மாடி என்று தேவைக்கு ஒட்டவைத்துக்கொண்டே போனதில், படிக்கட்டுக்கு அடியில் ஓர் இடம் மிஞ்சியது. அதை அறை என்பதே மரியாதைக்குத்தான். ஒரு முனையில் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கி, கடைசியில் படிக்கட்டு மண்டையில் இடிக்கும். அகலமும் ஒரே சீராக இல்லை. அதுதான் எங்கள் ஸ்டோர். நிரந்தரமாக நட்டுவைத்த இரும்பு ரேக்குகள் முன்பு அங்கே இருந்தன. ஒவ்வொரு ரேக்குக்கு முன்னாலும் ஆள் நடக்க வழி விட்டால், பாதி இடம் வழிக்கே போய்விடும். படிக்கு அடியில் இருந்த தாழ்ந்த மூலையில் காலிச் சாக்கும், கால் உடைந்த நாற்காலியும், ஒருமுறை சாரைப்பாம்பும்தான் குடியிருந்தன. இடம் பற்றாமல், பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் சக்கரங்களின் பெட்டிகள் வராந்தாவில் அடுக்கப்பட்டு மழையில் நனைந்து ஊறும்.

பிறகு ஓடுற ரேக் வந்தது. எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். தரையில் தண்டவாளம் மாதிரி இரும்புப் பாதை பதித்து, அதன்மேல் சக்கரம் வைத்த ஐந்து ரேக்குகள். பக்கத்தில் மூன்று கைப்பிடி வைத்த ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் ரேக் நகரும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டித் தள்ளிவிட்டு, எது வேண்டுமோ அதற்கு முன்னால் மட்டும் ஒரு வழியைத் திறந்துகொள்ளலாம். நான்கு வழிக்கு ஆகிற இடம் ஒரே வழியில் மிச்சம். கூரை இறங்குவதற்கு ஏற்ப உயரமான ரேக் முன்னால், அதைவிடக் குட்டை அதற்கடுத்து என்று, பள்ளிக்கூட அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். கடைசி ரேக் என் இடுப்பளவுதான். பாம்பு இருந்த மூலைவரை சரக்கு போனது. வராந்தா காலியானது. நானே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். வீட்டுச் சமையலறைக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ரேக்கின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இரும்பு தன் வேலையைத்தான் செய்தது.

அதைப் பொருத்த வந்தவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு பூட்டுப் பின் இருக்கிறது. உள்ளே போகிறவர் அதை அழுத்திவிட்டுப் போனால், வெளியிலிருந்து யார் சுற்றினாலும் ரேக் அசையாது. இரண்டு, தண்டவாளத்தில் மண் விழக்கூடாது. செருப்போடு யாரும் உள்ளே வராதீர்கள்.

இரண்டாவதை எங்கள் ஆட்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் புதிதா என்ன. ரேக் வந்த அன்றே சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்டோரைக் கோயில் மாதிரி ஆக்கிவிட்டார்கள். முதலாவதுதான் பிடிக்கவில்லை. உள்ளே போகிறவன் பின்னை அழுத்திவிட்டுப் போவான். வெளியே வரும்போது எடுத்துவிட மறந்துபோவான். அடுத்தவன் வந்து சக்கரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுக் கத்துவான். ஒருநாள் லாரி வாசலில் நிற்க, ரேக் பூட்டிக்கொண்டு வராமல், முதலாளிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்து பின்னையும் கழற்றச் சொல்லி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மாடியில் என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செருப்பை ஸ்டோர் வாசலில் விடாமல், எந்த வழிக்குள் போகிறார்களோ அந்த வழியின் வாயிலேயே கழற்றி விடுவது. செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. கிடக்காவிட்டால் இல்லை, தாராளமாகச் சுற்றலாம். யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. லேத்தில் நிற்கும் பெரியவரிலிருந்து நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்வரை அப்படியே நடந்தார்கள். அந்த வழக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை நம்பி ஆள் உயிரை வைக்கலாமா? நான் இரண்டு தடவை கேட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பின்னை மறுபடி மாட்டிப்போடலாமுங்களே."

"எதுக்குங்க அம்மணி? அதுதான் செருப்பு இருக்குதுல்லங்க" என்றார் முதலாளி. இரண்டு தடவையும் அதே பதில், அதே சிரிப்பு.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அதட்டிப் பேசுவதில்லை என்று வெளியூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் வாலில் ஒரு மரியாதை தொங்கும். எனக்கு இப்போது அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. "மாட்ட மாட்டேன்" என்பதை இவ்வளவு இனிப்பாகச் சொல்ல முடியும் என்றால் அந்த இனிப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? என் அப்பா முதலாளியின் அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தவர். என்னைப் படிக்கவைத்ததும் அந்தத் தோட்டத்து வேலையிலிருந்துதான். அதனால் முதலாளி எங்களை எப்போதும் "நம்ம ஊட்டு ஆளுங்க" என்பார். என் மகள் பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்த அன்றும் "நம்ம ஊட்டுப் புள்ளை" என்று எல்லாரிடமும் காட்டினார். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பின் மாட்ட முடியவில்லை.

அன்று நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதையும், மகள் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். பார்ட்டிகளுக்குப் பட்டறையைச் சுற்றிக்காட்டிவிட்டு, முதலாளி அவர்களை ஸ்டோருக்கு அழைத்துவந்தார். எந்த விருந்தாளி வந்தாலும் கடைசியில் ஸ்டோரைக் காட்டுவது அவருக்குப் பழக்கம். கோணல்மாணலான ஓர் இடத்தை இப்படி மாற்றினேன் பாருங்கள் என்று சொல்வதில் அவருக்கு அத்தனை ஆசை. மூன்றாவது ரேக்குக்கும் நான்காவது ரேக்குக்கும் நடுவே வழி திறந்திருந்தது. வழியின் வாயில் செருப்பு இல்லை. "ஒரே வெரல்ல தள்ளலாமுங்க" என்று இந்தியிலும் தமிழிலும் கலந்து சொல்லிக்கொண்டே, மூன்றாவது ரேக்கின் கைச்சக்கரத்தை நிஜமாகவே ஒரு விரலால் சுற்றினார்.

மகள் அடித்தட்டுக்குக் கையை விட்டுக் குனிந்திருந்தாள். வெளியே சக்கரத்தின் பக்கம் நின்று பார்த்தால் தலைகூடத் தெரியாது. பேச்சுக்குரல் அவளுக்குக் கேட்டது. ரேக் அசைவதும் தெரிந்தது. "அண்ணா, உள்ள இருக்கறேனுங்க" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். வெளியே கிரைண்டிங் மெஷின் சத்தம்.

"ஏன் கண்ணு, கத்தியிருக்க வேண்டியதுதானே?" என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"பார்ட்டிங்க நின்னுட்டு இருந்தாங்கம்மா. அவிய முன்னாடி கத்துனா நல்லா இருக்காதுன்னு…" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ரேக் இறுக்கும்போதுகூட விருந்தாளி முன்னால் சத்தம் போடக்கூடாது என்று நினைக்கிற பெண்ணை இந்த ஊர் எப்படி வளர்த்து வைத்திருக்கிறது!

அவள் எழப் பார்த்தாள். முடியாமல் உடம்பைக் காலித் தட்டுக்குள் ஒடுக்கிக்கொண்டு வலது கையை இழுப்பதற்குள், முழங்கைக்குக் கீழே தட்டின் விளிம்புக்கும் அடுத்த ரேக்கின் நிலைக்கம்பிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வெளியே சக்கரம் கனத்தது. அங்கேதான் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். "பொட்டி ஏதோ சிக்கியிருக்குதுங்க, இப்ப சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இன்னும் ஒரு சுற்று சுற்றினார். விரலால் சுற்றினாலே டன் கணக்கில் இரும்பை நகர்த்துகிற சக்கரம் அது. இரண்டு கையால் சுற்றினால் என்ன ஆகும்?

அந்த அலறல் மாடிக்குக் கேட்டது. என் குழந்தையின் குரல் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது, எழுந்து ஓடிவிட்டேன். படியில் நான் இறங்க, எதிரே முதலாளி பார்ட்டிகளை அழைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"ஒண்ணுமில்லைங்க அம்மணி, பாப்பாவுக்குக் கை லேசாப் பட்டிருச்சு, ஆளுங்க பாத்துக்குவாங்க. மேல நாலு டீ சொல்லிப்போட்டுப் போங்க."

"சரிங்க" என்றது என் வாய். அது என் வாய்தானா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் நிற்கவில்லை, டீயும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'சரிங்க' வெளியே வந்துவிட்டது. பெற்ற பெண் கீழே அலறிக்கொண்டிருக்க, ஒரு மனிதன் டீ கேட்கிறான், ஒரு மனுஷி சரிங்க என்கிறாள்.

கீழே ஆட்கள் கைச்சக்கரத்தைத் திருப்பிச் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெறுமனே சுற்றியது. உள்ளே சங்கிலி கழன்றுவிட்டது. தட்டிலிருந்து சரிந்த ஒரு பெட்டி உடைந்து, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வார்ப்பு இரும்புத் துண்டுகள் இறுகிக்கிடந்தன. ரேக் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தட்டுகளின் இடுக்கு வழியாக மகளின் கண்ணும் பாதி நெற்றியும்தான் எனக்குத் தெரிந்தன.

"அம்மா, நீங்க அழாதீங்க" என்றாள். "கையி, என்ற கையி மாதிரியே இல்லைம்மா. தெரியவே மாட்டேங்குது."

வலி தெரியவில்லை என்று அவள் சொன்னதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

லேத்துப் பெரியவர் ரேக்கைக் காலி செய்யச் சொன்னார். ஆட்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கைமாற்றி வெளியே எறிந்தார்கள். இத்தனை காலம் அந்தச் சின்ன இடத்துக்குள் எவ்வளவு சரக்கை அடக்கியிருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பம்புக் கிண்ணம், சீல், பேரிங், ஷாஃப்ட். வராந்தா முழுக்கப் பழையபடி பெட்டி நிறைந்தது. உள்ளே குழந்தை மயங்கிவிடக் கூடாது என்று பெரியவர் விடாமல் பேச்சுக் கொடுத்தார்.

"கண்ணு, உள்ளார இருக்கறதுக்கு முதலாளி வாடகை போட்டுருவாரு. சீக்கிரம் வெளிய வந்துரு."

"அண்ணா, இதுல பாத்ரூமும் இல்லைங்க, வாடகை கட்டாது" என்றாள் அவள். வரிசையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் தட்டு இடுக்கில் கையை விட்டு அவள் நெற்றியைத் தொட முயன்றேன். நகம் மட்டும் எட்டியது.

ரேக் காலியானதும் இரண்டு கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார்கள். ஒரு சாண் இடைவெளி விழுந்தது. கையை எடுத்தாள். அதன் பிறகுதான் வலி வந்தது, அதன் பிறகுதான் அழுதாள். அவளை வெளியே தூக்கி வந்தபோது வெறும் காலோடு இருந்தாள். நான் சுற்றிலும் பார்த்தேன். வழியின் வாயில் செருப்பு இல்லை. ஸ்டோர் வாசலிலும் இல்லை.

"செருப்பை எங்க கண்ணு விட்டே?"

"அங்கதாம்மா விட்டேன். எப்பவும் விடற எடத்துலதான்."

வண்டியில் ஏறும்போது மாடியிலிருந்து பார்ட்டிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டதோ.

கோயம்புத்தூர் போகிற திருச்சி ரோட்டில் அன்று எத்தனை சிக்னல் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றிலும் நின்றோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் வால்பாறையில் ஓர் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறார். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அவருக்குப் போன் போட்டேன். அவர் ஏறிய பஸ் மலையில் வளைந்து வளைந்து இறங்கும்போதெல்லாம் போன் சிக்னல் அறுந்து அறுந்து போனது. பாதி வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, மீதியைத் தானாகவே நினைத்துப் பயந்துகொண்டு வந்து சேர்ந்தார் மனுஷன். மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முன்கை எலும்பு இரண்டும் உடைந்திருந்தன. தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் மகள் அந்த இரண்டு விரலையும் மற்றக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய விரலையோ தொடுகிறவள் மாதிரி.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். ஒரு பை ஆப்பிள், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"எப்பிடி இருக்குதுங்க பாப்பாவுக்கு? ராத்திரி பூராவும் எனக்குத் தூக்கமே வரலீங்க. நம்ம ஊட்டுப் புள்ளை." பிறகு மகளைப் பார்த்து, "ஏன் கண்ணு, உள்ள போறப்ப செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கலாமில்ல?" என்றார்.

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "வெச்சனுங்க அண்ணா."

"இல்லை கண்ணு. நான் பாத்தனே. இல்லையே."

"வெச்சனுங்க."

"அவசரத்துல மறந்திருப்பே. உன்ற மேல தப்புன்னு சொல்லலை. ஆளுங்க எல்லாரும் பாத்தாங்க, செருப்பு இல்லை. நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்றது, அதுக்குத்தான்."

நாளைக்கு நாலு பேர். அதுதான் அவருடைய கவலை. மேலே டீ கொடுத்து உட்காரவைத்த பார்ட்டிகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போது புரிந்தது. பெண் கவனமில்லாமல் உள்ளே போய்விட்டது, செருப்புகூட விடவில்லை. இதே வார்த்தையைத்தான் பட்டறையிலும் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து வந்த மூன்று போனிலும், "ஏனுங்க, பாப்பா செருப்பு விடாமப் போயிருச்சாமே" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

"அந்தப் பின்னு இருந்திருந்தா செருப்பு எதுக்குங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அந்த அஞ்சு பின்னையும் எப்ப மாட்டுவீங்க?"

"மாட்டியாச்சுங்க அம்மணி" என்றார். "நேத்துச் சாயங்காலமே மாட்டியாச்சு. உங்க மேசையில இருந்து எடுத்துக்கிட்டேன், நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. பத்து நிமிஷ வேலைதானுங்க."

பத்து நிமிஷ வேலை. நான் கேட்டபோதெல்லாம் சிரித்த வேலை. அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் அந்த ஆப்பிள் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். "செருப்பை யாரு எடுத்தாங்கன்னு கேட்டுக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் ஆப்பிள் கொண்டாங்க."

என் வீட்டுக்காரர் "ஏ புள்ளே" என்று மெதுவாகத் தடுத்தார். முதலாளி, "சங்கட்டத்துல பேசறீங்க, சித்தெ ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டு, பையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டே போனார்.

அவர் போன பிறகு மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "அம்மா, நான் நெஜமாவே வெச்சனா?" என்று கேட்டாள்.

அங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடைந்த கையைவிட அந்தக் கேள்வி. தான் செய்ததைத் தானே நம்பாத இடத்துக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டார்கள், எவ்வளவு மரியாதையாக! "வெச்சே" என்றேன். "வெச்சே கண்ணு, வெச்சே." நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சத்தியம் செய்தேன்.

அந்த நேரத்தில் என் கோபம் ஒரே ஒரு ஆளைத் தேடியது. பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா. பல்லடம் பக்கத்திலிருந்து வருகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாசலைப் பெருக்குவது, சாமி படத்துக்குப் பூப் போடுவது, கிடக்கிற செருப்பை ஓரமாகத் தள்ளுவது எல்லாம் அவர் வேலை. பார்ட்டிகள் வருவதற்காகக் கம்பெனி வாசலில் புதிதாக ஒரு செருப்பு ஸ்டாண்டு வாங்கி வைத்திருந்தார்கள். செருப்பை யார் எடுத்திருக்க முடியும்? அன்று ரேக்கைக் காலி செய்தபோது எல்லாரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. என் மகளின் நெற்றியில் தினமும் திருநீறு வைத்துவிடுகிறவர், ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகூடக் காட்டவில்லை. அவரை என்னென்னவோ வார்த்தையில் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். எளியவர்களைத் திட்டுவது எவ்வளவு சுலபம்! முதலாளியைத் திட்டத் தைரியம் வர எனக்கு ஒரு மகளின் கை தேவைப்பட்டது.

அதற்கடுத்த நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில் கதவு கொஞ்சம் திறந்து நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர்தான், கையில் ஒரு மஞ்சப்பை. இரண்டு பஸ் மாறி வந்திருக்க வேண்டும். முந்தானை எல்லாம் புழுதி. ஆஸ்பத்திரித் தரை பளபளப்பாக இருந்ததால் தன் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே விட்டிருந்தார்.

"உள்ள வாங்க" என்றேன். என் குரலில் ஈரம் இல்லை.

வந்தார். கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்குள் கையை விட்டு, என் மகளின் நீலப் பட்டை வைத்த செருப்பை எடுத்து, தன் முந்தானையால் துடைத்து, கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தார்.

"அந்தப் புது ஸ்டாண்டுலயே கெடந்துதுங்க அம்மணி" என்றார். "யாருமே எடுக்கலை. நான்தான் கொண்டுபோய் வெச்சேன், நான்தான் எடுத்தாந்தேன்."

மகள், "எங்க இருந்துது பெரியம்மா? எங்க இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ வுடற எடத்துலதான் கண்ணு. ரேக்கு வாயில."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. அவள் அப்பா திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"காரு வந்துருச்சுன்னு முதலாளி ஓடியாந்தாங்க" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "செருப்பெல்லாம் எடுத்து ஸ்டாண்டுல வையி, அசிங்கமா இருக்குதுன்னாங்க. நான் சொன்னனுங்க. சாமி, இந்தச் செருப்பு பாப்பாவுது, புள்ளை உள்ளார இருக்குதுன்னு சொன்னனுங்க. 'அதெல்லாம் வந்திருவா, நீ எடு'ன்னாரு. எடுத்தேன். பொறவு அங்க நின்னு பாத்திருக்கோணும், என்னை கக்கூஸைக் கழுவப் போன்னு அனுப்பிப்போட்டாங்க. சத்தம் கேட்டு வந்தேன், பாப்பா மூஞ்சியில முழிக்க முடியாம வெளியவே நின்னுட்டேன்…" சேலையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "நேத்து என்னைக் கூப்பிட்டு, நீ ஒண்ணும் பாக்கலை, உனக்கு எதுக்கு வம்புன்னு சொல்றாரு."

அவருக்கு என் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளிடமே பேசினார்.

"எனக்கு என்ன போகுது கண்ணு, வெளக்கமாறு எந்த ஊட்டுலயும் கெடைக்கும். போலீஸோ, ஆபீஸோ, அந்த வடநாட்டுக்காரங்க முன்னாடியோ, எங்க வந்து சொல்லோணும்னு மட்டும் சொல்லு. வாரேன்."